நியூயார்க்கில் ஒரு வெங்காயம்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டை முடித்துக்கொண்டு கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரித்தேன். வாசலில் இரண்டு ரிக்‌ஷாக்கள் வந்து நின்றன.

முதல் ரிக்‌ஷாவிலிருந்து ஜமால் பாய் இறங்கினார். கடைவீதியில் பீங்கான் சாமான் கடை வைத்திருப்பவர். ஜும்மா தொழுகை முடித்து, போட்ட தொப்பியோடு நேராக வந்திருந்தார். அடுத்த ரிக்‌ஷாவில் அவர் மனைவி சபூராவும் மகள் ஜமீலாவும்.

இந்த வெயிலில், குடும்பத்தோடு, சொல்லாமல் கொள்ளாமல்... யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வாசலுக்கு ஓடினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு உடனே தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் — குடித்தனம் நடத்த நியூயார்க் நல்ல ஊரா, சிகாகோ நல்ல ஊரா?

சிரிக்காதீர்கள். விருத்தாசலத்தில் இந்தக் கேள்வியை வேறு யாரிடம் போய்க் கேட்பது? என் வீட்டுக்காரர் பீங்கான் தொழில் பழக அமெரிக்கா போனதும், நான் பின்னாலேயே போனதும், முதலில் நியூயார்க், பிறகு சிகாகோ என்று அறுபதுகளின் பாதியை அங்கே கழித்ததும் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த கதைதான். திரும்பி வந்து ஆறேழு வருஷமாகியும் ஊருக்குள் நான் 'அமெரிக்காக்காரம்மா'தான். பக்கத்திலிருக்கிற பெண்ணாடத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டால் விழிப்பேன். அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

ஆகவே விரித்த பாயைச் சுருட்டி வைத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து சர்பத் கலக்கினேன். விசாரணை ஆரம்பமாயிற்று.

ஜமீலாவுக்குப் போன வருஷம் நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை டாக்டர். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இப்போது இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் அவரைக் கூப்பிடுகின்றன. ஒன்று நியூயார்க்கில், இன்னொன்று சிகாகோவில். இவளுக்கு விசாவும் வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போவது என்பதை ஜமீலாவே முடிவு செய்து தந்தி அடிக்கட்டும் என்று எழுதிவிட்டார் மனுஷர்.

பெண்டாட்டியைக் கேட்டு ஊரை முடிவு செய்கிற மாப்பிள்ளையா என்று சபூராவுக்குப் பெருமை பாதி, வெட்கம் பாதி. "கேக்கறது இருக்கட்டும்மா, இதுக்கு என்ன தெரியும்?" என்று மகளைக் காட்டினார். மகள் சர்பத் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் தெரியாவிட்டாலும் பெற்றவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கட்சி இருந்தது.

சபூரா நியூயார்க் கட்சி. இந்தியாவிலிருந்து போகிற பிளேன் முதலில் நியூயார்க்கில்தானே இறங்குகிறது? அப்படியானால் சிகாகோவுக்கு அதற்கு மேலும் ஒரு பிளேன் ஏற வேண்டும். பெண்ணைப் பார்க்க ஒரு பிளேன் போதும் என்கிறபோது இரண்டு எதற்கு? பெற்ற வயிறு போடும் கணக்கு இது. தப்புச் சொல்ல முடியுமா?

ஜமால் பாய் சிகாகோ கட்சி. அதற்கு அவர் சொன்ன காரணம் இந்த ஊர்க்காரர் தவிர வேறு யாருக்கும் தோன்றாது. ஸ்டேஷனுக்கே போய் விசாரித்திருக்கிறார். அமெரிக்காவில் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போனாலும் ரயில் சிகாகோவைத் தொட்டுக்கொண்டுதான் போகும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஜங்ஷன்மா அது. நம்ம ஊரு மாதிரி. நாலு பக்கமும் ரயிலு போற ஊருல யாரும் அநாதையா நிக்க மாட்டாங்க" என்றார்.

திருச்சிக்கும், விழுப்புரத்துக்கும், கடலூருக்கும், சேலத்துக்கும் தண்டவாளம் பிரிகிற ஊரில் பிறந்த மனுஷருக்கு உலகத்தின் நல்ல ஊர்களெல்லாம் ஜங்ஷனாகத்தான் இருக்க முடியும்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். தீர்ப்புச் சொல்வதில் எனக்கு எப்போதுமே தயக்கம் கிடையாது.

முதலில் குளிர். இரண்டு ஊரிலும் குளிர்தான். ஆனால் சிகாகோ குளிர் வேறு ஜாதி. ஒருநாள் புத்தி கெட்டுப்போய்த் துவைத்த துண்டை வெளியே உலர்த்திவிட்டு, அரை மணி கழித்துப் போய் எடுத்தேன். பொரிக்காத அப்பளமாக விறைத்து நின்றது. இதைச் சொன்னபோது ஜமால் பாய் மரியாதைக்குத் தலையாட்டினார், நம்பவில்லை. குளிரென்றால் ஒரு கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி, அவ்வளவுதானே என்றார். வேப்பூர் ரோட்டு வெயிலில் ஐம்பது வருஷம் நடந்தவரிடம் குளிரைப் பற்றி எப்படிப் பேசுவது?

அடுத்தது கறி. ஹலால் கறி கிடைக்குமா என்று சபூரா கேட்டார். எனக்குத் தெரிந்தவரை கஷ்டம்தான். அங்கிருந்த நம் பாய்மார்கள், கிட்டத்தட்ட அதே முறையில் அறுக்கிற யூதர் கறிக்கடையில் வாங்கிச் சமாளித்தார்கள், அந்தக் கடைகள் நியூயார்க்கில் அதிகம் என்றேன். சபூரா கணவரை ஒரு பார்வை பார்த்தார். நியூயார்க்குக்கு ஒரு மார்க்.

பிறகு தெருக்கள். சிகாகோ தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும், தொலைந்து போகவே முடியாது. ஊரை ஒட்டி ஒரு ஏரி, அக்கரை தெரியாத ஏரி. நியூயார்க்கிலோ பூமிக்கு அடியில் ரயில், பூமிக்கு மேலே கூட்டம், கூட்டத்துக்கு மேலே கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கட்டடம். இப்படிச் சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

அதுவரை வாயே திறக்காத ஜமீலா மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவங்க டூட்டிக்குப் போனா மறுநாளுதான் வூட்டுக்கு வருவாங்களாம். அதுவரைக்கும் நான் என்னக்கா பண்றது?"

இவ்வளவு நேரம் ஏரியையும் கட்டடத்தையும் அளந்துகொண்டிருந்தோமே, அங்கே போய் இருக்கப்போகிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா?

அவளிடம் மழுப்ப மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

நியூயார்க்கில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. இவர் விடியற்காலையில் ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போனால் திரும்பும்போது இருட்டிவிடும். பத்துப் பேர் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான், ஆள் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது. அங்கே எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடக் கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒரு மனுஷக் குரலைக் கேட்பதற்காகவே கீழே இருந்த காய்கறிக் கடைக்கு இறங்கிப் போவேன். ஒரே ஒரு வெங்காயம் வாங்குவேன். இரண்டாக வாங்கிவிட்டால் சாயங்காலம் மறுபடி போகச் சாக்கு வேண்டுமே! கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "அடுத்து யாரு?" என்பார். அன்றைக்கு நான் கேட்ட பேச்சு அவ்வளவுதான். சில நாள் அந்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அப்புறம் ஜாடி. பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊரில் யார் வெளியூருக்குக் குடிபோனாலும் கையில் ஒரு ஊறுகாய் ஜாடி கொடுத்து அனுப்புவோம். சிங்கப்பூரானாலும் சரி, சிதம்பரமானாலும் சரி. நானும் கொண்டுபோயிருந்தேன், மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாக வயிறு பெருத்த ஜாடி. எலுமிச்சங்காய் போட்டு வெயிலுக்காக ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பாதி ஜாடி வெளியே தொங்கியது. கட்டடத்துக் காவல்காரர் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார், யார் தலையில் விழ வேண்டும் என்று கேட்டார். ஜாடி உள்ளே வந்தது. ஊறுகாய் பூஞ்சணம் பிடித்தது.

சிகாகோ அப்படி இல்லை. அங்கே வீட்டுக்குப் பின்னால் மரத்தாலான படிக்கட்டும், மாடிக்கு மாடி அகலமான மரத் தாழ்வாரமும் உண்டு. துணி உலர்த்துவது, வம்பு பேசுவது எல்லாம் அங்கேதான். நான் ஜாடியை வைத்த மறுநாள் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். முட்டைக்கோஸ் ஊறுகாய்! அவள் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, என் இங்கிலீஷ் அவளுக்குப் புரியாது. நாலு வருஷம் சிநேகிதமாக இருந்தோம். நான் கிளம்பிய அன்று அவள் அழுத அழுகை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஒரு ஊரை முன்வாசல்ல பாக்கக்கூடாதும்மா, கொல்லைப்புறத்துல பாக்கணும்" என்று முடித்தேன். "சிகாகோவுக்கே போ."

வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதில் எனக்கே ஒரு திருப்தி. ஜமால் பாய் முகத்தில் ஜங்ஷன் ஜெயித்த சந்தோஷம். சபூராவும் ஊறுகாய் விஷயத்தில் மனம் மாறிவிட்டார். செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஜமீலா எழுந்திருக்கவில்லை.

"அக்கா... அந்த வெங்காயம் வாங்கப் போனீங்களே, கூட யாரு வருவாங்க?"

"யாரு வருவாங்க? யாரும் இல்லம்மா. அதத்தானே சொல்றேன்."

"எங்க போறன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?"

"அங்க யாரு கேக்கறது?"

"அப்ப எனக்கு நியூயார்க்கு போதும்க்கா."

மூன்று பேரும் அவளைப் பார்த்தோம். அவள் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். குரலில் கோபம் இல்லை, குறை இல்லை.

"நம்ம கடை ஒரு தெரு தள்ளித்தான் இருக்குது அத்தா. அங்ககூட நான் தனியா வந்ததில்ல. வரக்கூடாதுன்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா கூட யாராச்சும் வந்துடுவாங்க. யாருமில்லன்னா, ஜமால் பாய் மகளான்னு கேட்டு ரிக்‌ஷாவுல ஏத்தி வுட்டுடுவாங்க. எனக்கு ஒரு வெங்காயம் வாங்க நானே படியெறங்கிப் போவணும். அவ்வளவுதான்."

ஜமால் பாய் செருப்புத் தேடுவதை விட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். பிறகு, "பயமா இருக்காதா?" என்று கேட்டார்.

"இருக்கும் அத்தா. போய்ப் பாக்கறேன்."

நான் அழுத அதே படிக்கட்டு. அதே ஒற்றை வெங்காயம். என் ஆயுளில் நான் பட்ட பெரிய துக்கத்தைச் சொன்னேன் — அவள் அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். எந்த ஊர் நல்ல ஊர் என்று கேட்கிறவர்கள் உண்மையில் போகிற ஊரைப் பற்றியா கேட்கிறார்கள்? இருக்கிற ஊரில் எது கிடைக்கவில்லையோ, அது அங்கே கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கு ஆள் வேண்டியிருந்தது. அவளுக்கு ஆளில்லாத பத்து நிமிஷம் வேண்டியிருக்கிறது. இது தெரியாமல் ஒரு மணி நேரம் தீர்ப்பு வாசித்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கடைவீதிப் பக்கம் போனபோது ஜமால் பாய் கடையில் ஏறினேன். தந்தி போய்விட்டதா என்று கேட்டேன்.

போய்விட்டதாம். முந்தின நாள் காலையில் ஜமீலாவே தபாலாபீஸுக்குப் போய் அடித்திருக்கிறாள். கூட வருகிறேன் என்று கிளம்பிய அம்மாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கடை வாசல் வழியாகத்தான் போயிருக்கிறாள்.

"பாத்துக்கிட்டேதான்மா இருந்தேன்" என்றார். "கூப்புடல. எதுத்த கடைக்காரரு எழுந்து ரிக்‌ஷாவக் கூப்பிடப் போனாரு. வேணாம், உக்காருங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கப்புகளை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. எனக்கும் கண்ணில் ஏதோ செய்தது, அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கே, மகளுக்கென்று வைக்கோல் சுற்றித் தயாராக நின்றது ஒரு ஜாடி. கடையிலேயே பெரிய ஜாடி.

அதை மட்டும் சின்ன ஜாடியாக மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன் — நியூயார்க் ஜன்னல் விளிம்பு ரொம்பக் குறுகல்.