மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

கல்யாணமான புதிதில் அந்தமான் போயிருந்தோம். இரண்டாம் நாள் காலை, கடல் உள்வாங்கிக் கிடந்தது. செருப்புகளைக் கரையில் விட்டுவிட்டு, தூரத்து மணல்திட்டுக்கு நடந்துபோய் உட்கார்ந்தோம்.

பேச்சு சுவாரசியத்தில் நேரம் போனதே தெரியவில்லை. திடீரென்று பார்த்தால் சுற்றிலும் தண்ணீர்.

"ஏனுங்க, தண்ணி ஏறுதுங்க. போயிரலாம்" என்றேன்.

என் கணவர் மேட்டுப்பாளையத்துக்காரர், பவானி ஆற்றில் குளித்து வளர்ந்தவர். வானத்தைக் காட்டிச் சிரித்தார். "மழையே காணோம், தண்ணி எப்படி அம்மணி ஏறும்?"

கடைசியில் மார்பளவு தண்ணீரில், ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினோம். செருப்புகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. சுடுமணலில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து விடுதிக்குத் திரும்பியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

இப்போது எந்தக் கடற்கரைக்குப் போனாலும், தண்ணீர் ஏறும் நேரத்தை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறோம். நான் "போயிரலாங்க" என்றால் அவர் வானத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைத் தேடுகிறார்.