எருமையின் தலையைத் திருப்பியது யார்

மகதலேனா யாரையும் சுலபத்தில் நம்ப மாட்டாள். கிள்ளானில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். முதலில் சேர்ந்த கம்பெனியில் அவள் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமைப் பக்கத்து மேசைக்காரன் தன் பெயரில் மேனேஜரிடம் காட்டிவிட்டான். அதற்குப் பிறகு, புரோகிராம் இருக்கும் டிஸ்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் சாப்பிடவே போவாள்.

தொண்ணூற்றாறில் பிரிக்பீல்ட்ஸில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்த கார்ட்டூன் ஸ்டூடியோவில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கான டிவி தொடர்; நாயகன் ஓர் எருமை. ஜாய்ஸ்டிக்கால் அதன் தலையை ஆட்ட ஒரு புரோகிராம் வேண்டும். முதலில் எழுதியதில், குச்சி சாய்ந்த கோணத்துக்கே தலையும் சாய்ந்தது. கை நடுங்கினால் எருமையும் நடுங்கியது. கையை எடுத்தால் தலை வெடுக்கென்று நடுவுக்கு வந்தது. மாற்றி எழுதினாள். இப்போது புரோகிராம் குச்சியின் சாய்வை ஒவ்வொரு பிரேமிலும், வினாடிக்கு இருபத்தைந்து முறை, துளித்துளியாகப் பழைய கோணத்தோடு கூட்டிக்கொண்டே போகும். லேசாகச் சாய்த்தால் தலை மெல்ல நகரும், நன்றாகச் சாய்த்தால் வேகமாகத் திரும்பும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.

"உயிர் வந்துருச்சு லா" என்றார் முதலாளி வீரசிங்கம்.

மறுவாரம், பத்து மணி டீ குடித்துவிட்டு மேலே வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். நேராகப் பார்க்க வைத்துவிட்டுப் போன எருமை, இடது பக்கம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. டீக்கு இறங்காமல் அறையிலேயே இருப்பவன் ராதாகிருஷ்ணன் ஒருவன்தான். எதிர் மேசை, இந்த வேலையை முதலில் கேட்டவனும் அவன்தான்.

"என் மெஷினைத் தொட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

அந்த 'ஏன்' அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நாள் கீபோர்டைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டுப் போனாள். தலை திரும்பியிருந்தது. அதற்கு மறுநாள் ஜாய்ஸ்டிக்கின் மேல் முகப் பவுடரைத் தூவிவிட்டுப் போனாள். பவுடர் கலையவில்லை, தலை மட்டும் திரும்பியிருந்தது. துடைத்துவிட்டுப் புதுசாகத் தூவியிருப்பானோ என்றுகூட நினைத்தாள். வீரசிங்கத்திடம் போய்ச் சொல்லியும்விட்டாள். அவர் ராதாகிருஷ்ணனை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்தவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று சொல்லி மேலேயே இருந்தாள். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். அவன் பிஸ்கட் தின்றபடி தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை தற்செயலாகத் தன் திரையின் ஓரத்துக்குப் போனது. யாரும் தொடாமலே, அங்கே எண்ணாகத் தெரியும் தலைக் கோணத்தின் கடைசி இலக்கம் ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது.

குச்சியை விரலால் தட்டினாள். இலக்கம் இறங்க ஆரம்பித்தது.

உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, குச்சி சரியாக நடுவில் நிற்கவில்லை. பிரேமுக்கு ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிசகு. வேலை செய்யும்போது அவள் கையே அதைத் தன்னையறியாமல் சரிசெய்துவிடும். ஆளில்லாத கால் மணி நேரத்தில், கூடிக்கூடி இருபது பாகைக்கு மேல் போய்விடும். புரோகிராமில் நடுவைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு, குச்சி அதற்குள் நின்றால் பூஜ்யம் என்று நாலு வரி சேர்த்தாள். எருமை அசையவில்லை.

வீரசிங்கத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டு, ராதாகிருஷ்ணனின் மேசைக்குப் போனாள்.

"சாரி ராதா. ஜாய்ஸ்டிக்தான் கோளாறு."

"பவுடர் போட்டு வெச்சிருந்தீங்களே, அன்னைக்கே பாத்தேன்" என்றான் அவன். "ஒரு வார்த்தை என்கிட்ட உக்காந்து பேசியிருக்கலாம். ரெண்டு பேருமா தேடியிருப்போம்."

நாலு மாதத்தில் அவனுக்கு ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் அவள் மேசைக்கு வந்து, அந்தப் புரோகிராம் ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டான். வீரசிங்கமும் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாள். ஓட்டிப் பார்க்க மட்டும் முடிகிற காப்பி. எப்படி எழுதினாள் என்று காட்டும் வரிகளை அதில் வைக்கவில்லை. அவன் அதைத் தன் மெஷினில் போட்டுப் பார்த்தான். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

"தேங்க்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் கிள்ளானுக்குப் போகும் ரயிலில் அவளுக்கு முகம் சுட்டது. திங்கட்கிழமை முழுசாக ஒரு காப்பி எடுத்து அனுப்பலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வந்தது. அவள் அனுப்பவில்லை.