எழுபது அடித்தவனும் எழுபத்து மூன்று அடித்தவனும்

திருத்தணியில் அந்த வருடம் தமிழ்ப் படம் போட்டால் ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது. தெலுங்குப் படம் போட்டால் இன்னொரு கூட்டம் கோபித்துக்கொண்டது. ஊர் ஆந்திராவுக்கா சென்னை ராஜ்யத்துக்கா என்ற வழக்கு மேலிடத்தில் தீராமல், டூரிங் டாக்கீஸ் வாசல் வரை வந்து நின்றது. கொட்டகை முதலாளி ஜெகநாதன் இரண்டு நாள் யோசித்து, இரு தரப்புக்கும் சமமாகப் புரியாத இங்கிலீஷ் படத்தை வரவழைத்தார்.

கோதண்டத்துக்கு உத்தியோகம் வந்தது இப்படித்தான். கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். அரக்கோணம் ரயில் நிலையத்தில் எட்டு வருடம் டீ விற்றவர். என்ஜின் டிரைவர்கள் திட்டத் திட்ட இங்கிலீஷ் கற்றவர். கற்றதில் பாதியைப் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்ல முடியாது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஏறி, தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொல்வார். தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி. யாருக்கும் மனக்குறை வராது. மறுநாள் காலையில் ஊரைச் சுற்றி வந்து, படத்தைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று முதலாளியிடம் ஒப்பிக்க வேண்டியதும் அவர் வேலைதான். அதைக் கேட்ட பிறகுதான் படப்பெட்டி கொட்டகையில் இருப்பதா, மதிய ரயிலில் சென்னைக்குத் திரும்புவதா என்று முடிவாகும்.

மூன்று இங்கிலீஷ் பெட்டிகள் வரிசையாக ஒரே நாளில் திரும்பிவிட்டன. நாலாவது பெட்டி வந்த வெள்ளிக்கிழமை ஜெகநாதன் கூப்பிட்டுச் சொன்னார்.

"கோதண்டம், இது மூணு நாள் நிக்கணும். நிக்கலன்னு வையி, இங்கிலீஷும் வாணாம், நீயும் வாணாம். கழனியில அறுப்புக்கு ஆள் தேடிக்கினு இருக்காங்க."

கோதண்டம் அரிவாளைத் தொட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், அவர் மனைவி ரஞ்சிதம் தன் தங்கைகளிடமெல்லாம் "எங்க வூட்டுக்காரருக்குப் பேசுற உத்தியோகம்" என்று பரப்பி வைத்திருந்தது.

வந்த படம் கோல்ஃப் ஆட்டக்காரன் ஒருவனின் வாழ்க்கை. துணி மில்லில் கை சிக்கி இரண்டு விரலை இழந்த ஏழை, மீதி விரல்களால் கோலைப் பிடித்துப் பந்தடித்துப் பெரிய ஆளாகிறான். பொதட்டூர்பேட்டை நெசவாளிகள் இரண்டு வரிசை வந்திருந்தார்கள்; விரல் போன இடத்தில் கொட்டகையே உச்சுக் கொட்டியது. அதுவரை கோதண்டத்துக்குக் கவலை இல்லை. ஆட்டம் தொடங்கியதும்தான் வம்பு. திரையில் ஒரு பலகையில் நம்பர் போட்டுக்கொண்டே வந்தார்கள். கபடியில் பார்க்காத நம்பரா? அதிகம் எடுத்தவன் ஜெயிப்பான் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

கடைசி ஆட்டம். பலகையில் கதாநாயகனுக்கு எழுபது, எதிராளிக்கு எழுபத்து மூன்று.

"போச்சு! மூணு அடியில நம்ம ஆளு தோத்துட்டான்!" என்று குழாயில் அலறினார் கோதண்டம்.

அதே நொடியில் திரையில் இருந்த ஜனமெல்லாம் ஓடிவந்து, எழுபதுக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டு, வெள்ளிக் கோப்பையையும் கையில் கொடுத்தது. கொட்டகை முழுவதும் திரும்பி முக்காலியைப் பார்த்தது. கோதண்டத்தின் பேச்சு நிற்கவில்லை.

"பாத்தீங்களா அந்த ஊர் நியாயத்த! தோத்தவனத்தான் தூக்குறாங்க. ஜெயிச்சவனுக்கு ஜெயிச்சதே போதும். இவனுக்கு யாரு இருக்கா? கோப்பையக்கூட அவன் இவனுக்கே குடுத்துட்டான்!"

தரை டிக்கெட்டிலிருந்து எழுந்த விசில் மலைக்குக் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை காலை கோதண்டம் அபிப்பிராயம் பொறுக்கப் போனார். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் தியாகேசன், "அத்தனை புல்லு கிடக்கு, ஒரு பசு கூட மேயலை பாத்தியோ? என்ன தேசம்டா அது!" என்று வருத்தப்பட்டார். பஸ் ஏற நின்ற நெசவாளி ஒருவர், ஆட்டக்காரன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டைக்குத் தறியில் எத்தனை நூல் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "நின்னுக்கினு ஆடுற கோலி, அவ்ளோதான்" என்றது ஓட்டல் பெஞ்சு.

அடிவாரத்தில் பூ விற்கும் கௌரியம்மாள் மட்டும் கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் நாகேந்திரன் பஞ்சாயத்துத் தேர்தலில் மூன்றே ஓட்டில் தோற்று, ஒரு மாதமாக வீட்டுப் படி தாண்டாதவர்.

"தோத்தவனத் தூக்கின கதையச் சொன்னேன், நைனா. மொத தடவையா மூஞ்சி கழுவிக்கினு, சட்டையத் தேடுனாரு. சாயங்காலம் இட்டுக்கினு வர்றேன்" என்றாள்.

கோதண்டம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி ஓட்டலுக்கு வந்தார். அங்கே மொட்டை போட்டுக்கொள்ள வந்திருந்த சிங்காரம் என்ற சென்னைக்காரர், தலையில் சந்தனத்தோடு காபி குடித்துக்கொண்டு ஊர்க் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ், நான் கிண்டி மைதானத்துல பத்து வருஷம் தொரைங்களுக்குப் பை தூக்கினவன். அந்த ஆட்டத்துல கம்மியா அடிச்சுக் குழியில தள்றவன்தான் ஜெயிப்பான். எழுபதுதான்யா ஜெயிச்சது!"

பெஞ்சு மொத்தமும் கோதண்டத்தைப் பார்த்தது. அவர் நேரே கொட்டகைக்கு நடந்தார். முதலாளியிடம் மறைக்காமல் சொன்னார்.

ஜெகநாதன் வெற்றிலையை மென்றுகொண்டே, "எதையாவது சொல்லு. ஆனா ஜனம் எழுந்து போச்சின்னா, அதுங்க கூடவே நீயும் போயிடு" என்றார்.

அன்று மாலை தரை நிறைந்துவிட்டது. பெஞ்சில் சிங்காரம். அவருக்கு நாலு ஆள் தள்ளி, சலவைச் சட்டையில் நாகேந்திரன், பக்கத்தில் கௌரியம்மாள். கோதண்டம் முக்காலி மேலிருந்து எல்லாரையும் பார்த்தார். பொய்யைச் சொன்னால் சிங்காரம் எழுந்து நிற்பார். உண்மையைச் சொன்னால் நாகேந்திரன் எழுந்து போவார், பின்னாலேயே கொட்டகையும் போகும். கடைசி ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது குழாயைக் கீழே வைத்துவிட்டு, வெறும் வாயால் சொன்னார்.

"நேத்து நான் சொன்னது தப்புங்க. எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. கம்மியா அடிச்சவன்தான் ஜெயிச்சவன். தூக்குனது ஜெயிச்சவனத்தான்."

கொட்டகை கொதித்தது. "அத்தப் பாக்கவா துட்டுக் குடுத்தோம்? ஜெயிச்சவனத் தூக்குறது நம்மூர்லயே நடக்குதே!" "நேத்து மாதிரியே சொல்லுயா!" "வாழ்நாள் பூரா தறியில அதிகம் அடிச்சாதான் கூலின்னு நெனச்சிக்கினு இருந்தேனே!" நாலு பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். கௌரியம்மாள் கோதண்டத்தைப் பார்த்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

நாகேந்திரன் எழுந்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை.

"உக்காருங்கய்யா," என்றார். "கோதண்டம், அந்த எழுபத்து மூணுக்காரன் அப்புறம் இன்னா பண்றான்? அத்தச் சொல்லு, போதும்."

விளக்கு அணைந்தது. ரீல் ஓடியது. கூட்டம் எழுபதுக்காரனைத் தூக்கிக்கொண்டு ஓடிய திசையை விட்டுவிட்டு, கோதண்டம் திரையின் இடது மூலையைப் பார்த்தார். நேற்று அங்கே ஒருவன் நின்றதே அவர் கண்ணில் படவில்லை.

"நிக்கிறான்," என்றார். குழாய் அவர் கையில் இல்லை; ஆனாலும் பின்வரிசை வரை கேட்டது. "தொப்பியக் கழட்டுறான். கிட்டப் போயி கை குடுக்குறான்... சிரிக்கிறான், நெசமாத்தான் சிரிக்கிறான். பந்தை எடுத்துத் தொடைச்சிப் பாக்கெட்ல போட்டுக்கினான். இப்போ பையத் தோள்ல மாட்டிக்கினு கெளம்பிட்டான். அடுத்த வாரம் வேற ஊர்ல ஆட்டம் இருக்குதோ இன்னாவோ."

"ஆங்," என்றார் நாகேந்திரன். கை தட்டத் தொடங்கியதும் அவர்தான். கதாநாயகன் தோளில் மிதந்து போக, திருத்தணி ஜனம் மூலையில் நடந்து போகிறவனுக்குக் கை தட்டியது. சிங்காரமும் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது: எழுபதுக் கட்சி, எழுபத்து மூன்றுக் கட்சி. ஆந்திராவுக்கு என்றவர்களும் சென்னைக்கு என்றவர்களும் இரண்டிலும் கலந்திருந்தார்கள். யாரை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று ஓட்டல்காரர் பயந்தே போனார். நாகேந்திரன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், ஜெயித்தவரிடமே தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஒரு மனு கொடுத்துவிட்டு வந்தார். பெட்டி ஆறு நாள் நின்றது.

ஏழாம் நாள் பெட்டியை ரயிலேற்றிவிட்டுக் கோதண்டம் முதலாளி முன்னால் போய் நின்றார்.

"அடுத்ததும் இங்கிலீஷ்தான்," என்றார் ஜெகநாதன். "நீயே சொல்லு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. மொத நாளே எல்லாத்தையும் சரியாச் சொல்லித் தொலைச்சிடாத. ரெண்டாம் நாள் திருத்து. ரெண்டு நாளும் கூட்டம் வரும்."

"தெரிஞ்சா மொத நாளே சொல்லிடுவேன் முதலாளி."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்யா. அதனாலதான் உன்னை வச்சிருக்கேன்."