ஸெரிஷான் அடைத்த ஓட்டை

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் என் ஓரகத்தி ஸெரிஷான், இந்தப் பக்கம் நான். அவள் அடுப்பு எரிந்தால் என் முதுகு காயும், என் அடுப்பு எரிந்தால் அவள் மாவு புளிக்கும். சண்டையும் சமாதானமும் எங்களுக்கு அந்தச் சுவர் வழியாகத்தான். அவள் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் டீ தயார் என்று அர்த்தம்.

அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. அப்படி ஒரு பிடிவாதக்காரி. முதல் பனிக்கு அறுத்து உப்பிட்ட பெருவாத்துகளை உத்தரத்தில் தொங்கவிடுவோமே, என் வீட்டு உத்தரத்தில்கூட அவள் சொன்ன வரிசையில்தான் தொங்க வேண்டும். ஆனாலும் அவள் ஊரைவிட்டுப் போய்விடுவாளோ என்று போன குளிர்காலம் முழுக்க எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

கோடைக் கடைசியில் அவள் புருஷன் இஸ்பெந்தியார், அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணன், புல் போரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மாடு பார்க்க ஆளில்லை என்று நாலு மாட்டையும் விற்றார்கள். அதோடு மனிதர் அடுப்போரத்து மெத்தையில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. பூர்சா நகரத்திலிருந்து மகன் தெய்முர் தினமும் போன் போட்டான். அங்கே குழாயிலேயே சுடுதண்ணீர், ஏறி இறங்க லிஃப்ட், வாருங்கள் வாருங்கள் என்று. அப்பா சரி என்றுவிட்டார். அம்மாதான் மசியவில்லை. அவளிடம் மிச்சம் இருந்தது பதினோரு கோழியும் ஒரு சேவலும்.

அந்தக் கோழிகளுக்காக நடந்த பேச்சு சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. நான் காதை வைத்துக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"கோழியையும் தள்ளிவிடுடி. மாடில்லாத தொழுவத்துல இந்தக் குளிருக்கு ஒன்னு தங்காது."

"தொழுவத்துல யாரு விடப்போறா? உங்கப்பா கட்டின பழைய கூடு இருக்குல்ல, அதைச் சரி பண்ணிக்கறேன்."

"அது கோடைக்குக் கட்டினது. கல்லு கல்லா காத்து நுழையும்."

"நுழையட்டும். அடைக்கத் தெரியாதா எனக்கு?"

பிறகு அவர் சொன்னார்: "சரி, ஒரு பேச்சு. நெவ்ரூஸ் அன்னைக்குக் காலையில உன் சேவல் கூவுறதை என் காதால கேட்டேன்னா இங்கேயே இருப்போம். கேக்கலேன்னா மூட்டையைக் கட்டு."

"சத்தியமா?"

"ரொட்டி மேல சத்தியம்."

நெவ்ரூஸ், எங்கள் வசந்தப் புத்தாண்டு, குளிரெல்லாம் தாண்டி மார்ச்சில்தான் வரும். இஸ்பெந்தியார் மச்சான் சொன்ன சொல்லை மாற்றினதாக எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. கல்யாணமான புதிதில் ஏதோ கோபத்தில் "உன் பாலாடைக்கட்டி இனிமே தொடமாட்டேன்" என்று சொன்னார். அன்றிலிருந்து அவர் பாலாடைக்கட்டி சாப்பிட்டதெல்லாம் என் வீட்டில்தான்.

ஸெரிஷான் மறுநாளே கச்சையைக் கட்டிக்கொண்டாள். கூட்டில் இருந்த உருட்டுக் கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மாட்டுத் தொட்டியின் அகலப் பலகை ஒன்றைக் கழற்றிக் குறுக்கே போட்டாள். "தட்டையா இருந்தா கால் விரலெல்லாம் வயித்து இறகுக்குள்ள போயிடும், விறைக்காது" என்றாள். சாலையோரம் செத்துக் கிடந்த மினிபஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியை வாங்கி வந்து தெற்குப் பக்கம் பதித்தாள். தரையில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் போட்டாள். கல் இடுக்கெல்லாம் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசினாள். சாணி என் மாட்டுடையது, அதற்கு ஒரு நன்றி கிடையாது. கதவுக்குப் பழைய கம்பளிப் பாய் தைத்தாள். கடைசியில் கூரை நடுவே இருந்த ஓட்டையையும் விடவில்லை. எங்கள் ஊரில் பனி விழுந்தால் எல்லாத் தொழுவத்துக் கூரை ஓட்டையிலும் வைக்கோல் திணித்த சாக்கை இறுக்கிவிடுவோம். மாடுகள் மூச்சு விட்டே தொழுவத்தை அடுப்பாக்கிவிடும், அந்தச் சூடு வெளியே போகக்கூடாதல்லவா? அவளும் அதையேதான் செய்தாள்.

"எப்படி?" என்றாள், இடுப்பில் கை வைத்து.

"உன் மருமகளைக்கூட இப்படி வச்சிருக்க மாட்டே."

"அவ முட்டை போடுறாளா என்ன?"

ஜனவரியில்தான் சனி பிடித்தது. காலையில் கதவைத் திறந்தால் உள்ளே கண்ணாடியிலும் கல்லிலும் பனிப் பூ. பகலானால் அது உருகிச் சொட்டும், இரவில் மறுபடி உறையும். வைக்கோல் ஈரத் துணி போல ஆகிவிட்டது. கோழிகள் ஒவ்வொன்றாகத் தும்ம ஆரம்பித்தன. சேவலின் கொண்டை நுனி முதலில் வெளுத்தது, பிறகு கருத்தது. ஸெரிஷான் தினமும் அதற்குப் பெருவாத்துக் கொழுப்புத் தடவினாள். அது தொண்டை கட்டிப்போய் வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை.

"இன்னும் எங்கியோ ஓட்டை இருக்கு, குல்பெரி. காத்து வருது" என்றாள் என்னிடம். இருந்த கந்தலெல்லாம் எடுத்து மேலும் அடைத்தாள். அடைக்க அடைக்கத் தும்மல் கூடியது.

அடுப்போரத்திலிருந்து மச்சான் குரல் கொடுத்தார்: "கோழி குருடானாலும் குழம்பு ருசிதான். இப்பவே அறுத்துடு."

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போனாள். வாய் மூடின ஸெரிஷானை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஏரிப் பக்கமிருந்து புயல் அடித்தது. ராத்திரியெல்லாம் கூரைத் தகரம் அலறியது. காலையில் வறட்டி எடுக்க வெளியே வந்தேன். வறட்டிக் குவியல் மேல் விறைத்துப்போன ஒரு சாக்கு கிடந்தது. வாயில் பச்சை நூல் தையல். ஸெரிஷானின் சாக்கு, கூரை ஓட்டையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

மூச்சு உள்ளே உறையும் குளிர். ராத்திரி முழுக்க ஓட்டை திறந்து கிடந்திருக்கிறது. முடிந்தது கதை என்று நினைத்தேன். இடுப்பளவு பனியில் நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் கூட்டு வாசலில் நின்றிருந்தாள். கை தாழ்ப்பாளில் இருந்தது, திறக்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"நீ திற" என்றாள். "எனக்கு முடியாது."

திறந்தேன்.

பதினோரு கோழியும் சேவலும் பலகை மேல் பந்து பந்தாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கண்ணைத் திறந்து, கதவை மூடு என்பதுபோல என்னைப் பார்த்தது. ஓட்டைக்கு நேர் கீழே மட்டும் ஒரு கூடை பனி. சுவரில் ஒரு சொட்டு இல்லை. கண்ணாடி தெளிவாக இருந்தது. ஸெரிஷான் குனிந்து வைக்கோலை அள்ளினாள், அது சரசரத்தது. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"குளிர் இல்லடி, இதுங்களோட மூச்சுதான் இதுங்களைக் கொன்னுட்டு இருந்திருக்கு" என்றாள். "மாடு இருந்தா அந்த ஈரம் சூட்டுலயே காஞ்சிடும். இதுங்ககிட்ட அந்தச் சூடு ஏது? நான்தான் உள்ளயே பூட்டி வச்சிருந்தேன்." பிறகு வைக்கோல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? தலைக்கு வந்தது ஒரு சாக்கோடு போயிற்று.

வீட்டுக்குள் போய் மச்சானிடம் சொன்னோம். அவர் சர்க்கரைக் கட்டியைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு ஒரு டம்ளர் டீ முழுக்கக் குடித்தார்.

"ஓட்டையைச் சும்மா விட்டா பனி கொட்டும்டி" என்றார் கடைசியில். "மேல ஒரு மூடி வேணும். நாலு பக்கமும் சாய்ச்சுச் சட்டம் வச்சு. காத்து போகணும், பனி வரக்கூடாது. மாட்டுத் தொட்டியில இன்னும் பலகை இருக்கா?"

"இருக்கு."

"அந்தத் தடியை எடு."

பனிக்காலத்தில் முதல் முறையாக அவர் எழுந்தார். தொழுவம் வரைக்கும் போக இரண்டு தடவை நின்றார், இரண்டு தடவையும் பனியைத் திட்டினார். அன்று சாயங்காலம்வரை சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் கூரை ஏறி மூடியைப் பொருத்தினார், அண்ணன் கீழே நின்று வாய் வலிக்க வலிக்கத் தப்புக் கண்டுபிடித்தார்.

அதன் பிறகு தும்மல் நின்றது. பிப்ரவரியில் முட்டைகூட வந்தது. சேவலும் கொழுத்தது, கருத்த கொண்டை நுனி உதிர்ந்து புண் ஆறியது. ஆனால் பாவி, குரல் மட்டும் திரும்பவே இல்லை. கழுத்தை நீட்டி, இறக்கையை அடித்து, எல்லா ஜம்பமும் பண்ணும். கடைசியில் எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கீச்சு.

நெவ்ரூஸ் அன்று காலை நான் வர்ணம் பூசிய முட்டைத் தட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சமோவாரில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஸெரிஷான் புது முக்காடு போட்டிருந்தாள், முகம் மட்டும் செத்திருந்தது. கூடத்துக் கதவை அகலத் திறந்துவைத்து வாசலில் நின்றாள். வெளியே சேவல் பனிமேட்டில் ஏறி, கழுத்தை நீட்டி, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தது.

கீச்.

ரொட்டி மேல் செய்த சத்தியம். மச்சான் மூட்டை என்று ஆரம்பித்தால் நான் குறுக்கே விழுந்துவிடுவதென்று தட்டைக் கீழே வைத்தேன்.

அப்போது போன் அடித்தது. தெய்முர். வாழ்த்துச் சொல்லிவிட்டு நேராக அதைத்தான் கேட்டான், எனக்கே கேட்டது: "அப்பா, சேவல் கூவுச்சா?"

மச்சான் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"கூவாம?" என்றார். "விடிஞ்சதுலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கு, காது கிழியுது. நீ சொல்றதே எனக்கு ஒன்னும் கேக்கல, வைடா போனை."

ஸெரிஷான் திரும்பவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்திருந்த கை மட்டும் தளர்ந்தது. "டீ ஆறுது, உக்காருங்க" என்றாள்.

மச்சான் உட்கார்ந்தார். போன கோடையில் அவள் போட்டுவைத்த பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு எடுத்து ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார்.