கீறலுக்கு நேர்ந்துகொண்டவர்

சுருதி சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை இப்போது அவருடைய சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. இசைக்கருவிக் கடையில் சேர்ந்த முதல் வாரமே, கடையில் இருக்கும் நாற்பத்திரண்டு கிட்டார்களுக்கும் தினமும் காலையில் சுருதி சேர்ப்பது அவர் வேலை என்றானது. பெயரும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. பத்தொன்பது வருடமாக அவர் காலையில் சேர்த்த சுருதியை, பத்தொன்பது வருடமாக வாடிக்கையாளர்கள் மதியத்துக்குள் கலைத்து வந்திருக்கிறார்கள். பாத்திரம் தேய்ப்பதும் இப்படித்தானே என்று சிலர் கேட்கலாம். பாத்திரத்திலாவது யாரோ சாப்பிட்டிருப்பார்கள்.

இசைக்கருவிக் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இசை வராது. கருவி வாங்கும் உத்தேசமும் கிடையாது. மழைக்கு ஒதுங்குகிறவர்கள், பக்கத்துக் கடையில் மனைவி துணி எடுத்து முடிக்கும்வரை பொழுதை ஓட்ட வேண்டிய கணவர்கள், சுவர் பின்னணியில் படம் எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகள், இப்படியே கூட்டம் சேரும். கைக்கு எட்டுவதை எடுப்பார்கள். எட்டாததை ஸ்டூல் போட்டு எடுப்பார்கள். ஒருவர் தர்பூசணி வாங்குகிறவரைப் போல ஒரு கிட்டாரின் முதுகைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "இன்னும் பழுக்கல" என்று நண்பரிடம் சொன்னார். ஒரு தாய், பால்புட்டியைச் சாயாமல் வைக்க வாகான இடம் கிட்டாரின் நடு ஓட்டைதான் என்று கண்டுபிடித்தாள். திரும்ப மாட்டும்போது எல்லோரும் ஒற்றுமையாக அதன் தலையைச் சுவரில் மோதி மாட்டினார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் மோசம். ஒரே ஒரு பாட்டு, அதிலும் ஆரம்பம் மட்டும், அதையும் நாற்பது தடவை.

இத்தனைக்கும் எதிராகச் சுருதி சாரிடம் இருந்த ஒரே ஆயுதம் "மெதுவா சார்" என்ற இரண்டு சொல். அதை அவர் மிகவும் மெதுவாகச் சொல்வார். யார் காதிலும் விழாது.

கடையின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை இருந்தது. விலை உயர்ந்த ஏழு கிட்டார்கள் அதற்குள் இருந்தன. மரம் காய்ந்து வெடித்துவிடாமல் இருக்க, மூலையில் ஒரு சின்ன இயந்திரம் காற்றை ஈரமாக வைத்திருக்கும். அந்த ஏழில் ஒன்றுக்குச் சுருதி சார் மனசுக்குள் 'மகராசி' என்று பெயர் வைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் அதன் பெட்டியைப் பிரித்தவர் அவர்தான். வெண்ணெய் நிறத்தில் ஸ்ப்ரூஸ் மர முகம், கருஞ்சிவப்பில் ரோஸ்வுட் முதுகு. ஒரு கம்பியைச் சுண்டினார். விரலை எடுத்த பிறகும் ஒலி அவசரப்படவில்லை. விருந்தாளியைப் போலக் கிளம்பாமல், வீட்டுக்காரியைப் போல அறை முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நாற்பத்தொன்றுக்கும் சுருதி சேர்த்துவிட்டுக் கடைசியாக மகராசியிடம் வருவார். சேர்ப்பார். பிறகு கடை திறக்க மிச்சமிருக்கும் நான்கு நிமிடம் வாசிப்பார். நன்றாகவே வாசிப்பார், ஆனால் அதைச் சொல்ல ஆள் இல்லை, கேட்டவர்கள் சுருதி சரிபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் மனைவி. வில்லாக வளைந்துபோன ஒரு பழைய பிளைவுட் கிட்டார், அதன் கழுத்தில் மனைவியின் குடை. இதுதான் அவருக்கு வாய்த்தது. நாள் ஒன்றுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்று ஊருக்கெல்லாம் கணக்கு. அவருக்கு நான்கு நிமிடம். மகராசியை வாங்கலாமென்றால் அவருடைய ஒன்றரை வருடச் சம்பளம் அதன் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

இந்தச் சமயத்தில் கடைக்குப் புதிய மேலாளர் வந்தார். எதையும் சதவீதத்தில் சொல்வார் என்பதால் 'சதவீதம்' என்றே அவருக்குப் பெயர்.

"கண்ணாடிக்குள்ள வெச்சா யாரு சார் வாங்குவான்? கை பட்டாத்தான் மனசு வரும். எழுபது சதவீதம்" என்று ஏழு கிட்டார்களையும் முன்கூடத்துக்கு மாற்றினார். கண்ணாடி அறை அவருக்கு அலுவலகமாயிற்று. காற்றை ஈரமாக்கும் இயந்திரம் மட்டும் இடம் மாறவில்லை. அது தோலுக்கு நல்லதாம். ஒரே மாதத்தில் சதவீதத்தின் கன்னம் பளபளவென்று ஆனது. முன்கூடத்தில் ஒரு கிட்டார் முதுகு பிளந்தது.

மகராசி பிளக்கவில்லை. ஆனால் மோதிரம் போட்ட ஒருவர் அதை எடுத்து, நாலு இழுப்பு இழுத்து, நடு ஓட்டைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். சுருதி சார் பண்டகசாலைக்குப் போய்க் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது, சதவீதம் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி இன்னும் நாலஞ்சு விழுந்தா இதை விக்க முடியாது சுருதி. மஞ்சள் சீட்டுதான் ஒட்டணும்."

மஞ்சள் சீட்டு என்பது அந்தக் கடையின் வழக்கம். விற்க லாயக்கில்லை என்று மேலாளர் சீட்டு ஒட்டிய பொருளை, பேருக்கு ஏதோ கட்டிவிட்டு ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பில் போடும் அக்காவுக்கு மூன்று கட்டை ஊமையான கீபோர்டு இப்படித்தான் கிடைத்தது. டிரம் பகுதிக்காரர் வீட்டில் ஒரு பெரிய டிரம் அழுக்குத் துணி போட உதவுகிறது.

சுருதி சாரின் காதில் அந்த வாக்கியம் நுழைந்தது. நுழைந்தது வெளியே வரவில்லை. காலையில் அழுத மனிதர் மதியம் சாப்பாட்டு டப்பாவை வழித்துச் சாப்பிட்டார்.

ஆசைப்பட்ட பெண் தனக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், சாதாரணக் காதலன் தாடி வளர்ப்பான். கொஞ்சம் யோசிக்கிறவன், அவளுக்கு அம்மை வந்து முகம் தழும்பாகட்டும், வேறு எவனும் கேட்டு வராமல் போகட்டும் என்று நேர்ந்துகொள்வான். சுருதி சார் யோசிக்கிறவர். முகம் போகட்டும், குரல் இருக்கட்டும். அதுதான் அவர் திட்டம். திட்டத்தில் பிழையே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

மறுநாள் முதல் அவர் கல்யாணத் தரகரானார். கடைக்குள் நுழைகிறவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டார். இடுப்பையும் மணிக்கட்டையும் பார்த்தார். பெல்ட் கொக்கி, கைச்சங்கிலி, ஜாக்கெட் ஜிப், நீள நகம். கைச்சங்கிலி போட்ட ஒருவர் மலிவான கிட்டார் ஒன்றை எடுக்கப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தார்.

"அது வேணாம் சார். இதை எடுங்க. கூச்சப்படாம அடிங்க."

"விலை ஜாஸ்தி போட்டிருக்கே. கீறல் ஏதாவது விழுந்துடப் போகுது."

"கீறல் விழாத பொருள் உலகத்துல ஏது சார்? நல்ல மரம். தாங்கும்."

மரம் தாங்கியது. மகராசியின் முகத்தில் கோடுகள் பெருகின. விளிம்பில் ஒரு நசுங்கல். தோளில், யாரோ வைத்த சூடான காகிதக் கோப்பையின் வட்டம். ஒவ்வொன்றையும் சுருதி சார் மாலையில் தடவிப் பார்ப்பார், பையனின் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் தகப்பனைப் போல. கம்பிகளைத் தாங்கும் கட்டைப் பக்கம் யாராவது கையை வைத்தால் மட்டும் பாய்ந்து தடுப்பார். அங்கே குரல் இருக்கிறது. காலை நான்கு நிமிடம் மட்டும் நிற்கவில்லை. குரல் அப்படியே இருந்தது. அது தன்னை மன்னித்துவிட்டது என்றே அவர் எடுத்துக்கொண்டார். மரம் மறுத்துப் பேசாது என்பது இதில் பெரிய வசதி.

பில் அக்காவின் கண்ணில் இது படாமலா போகும்?

"என்ன சுருதி, இப்பல்லாம் 'மெதுவா சார்' சத்தமே காணோம்? தொண்டை சரியில்லையா?"

"வயசாகுதுல்லக்கா."

"வயசா? நேத்து அந்த ஜிப்புக்காரருக்கு நீங்களே ஸ்டூல் போட்டு, கிட்டாரை எடுத்து மடியில வெச்சீங்களே. ஆட்டுக்குத் தழையைக் காட்டிக் கசாப்புக் கடைக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருந்துச்சு."

"வியாபாரம் ஆகணும்ல."

"ஆகட்டும், ஆகட்டும். எனக்கென்ன, நான் ஊமைக் கீபோர்டு வெச்சிருக்கறவ. வாயைத் திறக்க மாட்டேன்."

கீறல் போதுமான அளவுக்கு வந்தும் சதவீதம் சீட்டு ஒட்டவில்லை. மகராசியின் முதுகு இன்னும் மாசு மருவில்லாமல் இருந்ததுதான் காரணம் என்று சுருதி சார் முடிவுகட்டினார். முதுகுக்கு ஒரு நிபுணர் வேண்டும். மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருக்கிறார். தட்டு அகலத்துக்கு ஒரு பெல்ட் கொக்கி, அதில் இறக்கை விரித்த ஒரு பித்தளைக் கழுகு.

"இத்தனை வருஷமா என்னைக் கடைப் பக்கம் கூப்பிட்டதில்ல. என்ன மாப்ள, திடீர் மரியாதை?"

"சும்மா வாசிச்சுப் பாருங்க மச்சான்."

"எனக்கு ஒரு எழவும் தெரியாதே."

"அதான் வேணும். வயித்தோட சேத்து நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குங்க. உடம்பை ஆட்டி வாசிக்கணும். அப்பத்தான் தாளம் நிக்கும்."

மச்சான் உடம்பை ஆட்டினார். அவர் உடம்பு ஆடினால் சாதாரணமாக ஆடாது. அரை மணி நேரம் அந்தக் கழுகு மகராசியின் முதுகில் இரை தேடியது. வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். முடித்தபோது மச்சானின் கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, மனசு என்னமோ லேசா இருக்குடா. நாளைக்கும் வரட்டுமா?"

"போதும் மச்சான்" என்றார் சுருதி சார், முதுகைப் பார்த்தபடி. போதும்தான். ரோஸ்வுட்டில் உழவு நடந்திருந்தது.

சனிக்கிழமை சதவீதம் மஞ்சள் சீட்டை ஒட்டினார். சுருதி சார் அதே நிமிடம், மூன்று வாரமாகச் சட்டைப்பையில் மடங்கிக் கிடந்த விண்ணப்பத்தை நீட்டினார். "திங்கக்கிழமை பேசுவோம்" என்று சொல்லிச் சதவீதம் அதை மேசையில் வைத்தார். சுருதி சார் வீட்டுக்கு நடந்தார். பஸ்ஸில் போக அவருக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இடம் ஒதுக்கினார். பழைய கிட்டார் பரணுக்குப் போனது.

"குடையை எங்க மாட்டறதாம்?" என்றாள் மனைவி.

"ஆணி அடிச்சுத் தர்றேன்."

"அடேயப்பா. நான் ஆணி கேட்டு எட்டு வருஷம்." அவர் சுவரைத் துடைப்பதைப் பார்த்தாள். "ஏங்க, முதல் கீறல் விழுந்தப்போ அழுதேன்னு சொன்னீங்களே. மிச்சத்துக்கெல்லாம் அழலையா?"

"மிச்சம் வேற."

"என்ன வேற?"

அவர் சுவரை இன்னொரு தரம் துடைத்தார்.  அவள், பல் டாக்டரிடமிருந்து எடுத்து வந்திருந்த மெத்தென்ற பருத்தித் துணி ஒன்றை நாலாக மடித்து, அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். "மரத்தைத் துடைக்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஊழியர்களை நிற்கவைத்துச் சதவீதம் பேசினார். கையில் மகராசி.

"விக்க முடியாத கிட்டார் ஒண்ணு. ஆனா தூரத்துல இருந்து பாக்க ஜோரா இருக்கு, சத்தமும் அருமை. இதை வாசல்ல வெச்சுடப் போறோம். வர்றவன் போறவன் எல்லாம் இதையே அடிக்கட்டும். மத்தது பொழைக்கும். சேதாரம் எண்பது சதவீதம் குறையும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல யோசனைதான், பத்தொன்பது வருடத்தில் அந்தக் கடையில் யாரும் இவ்வளவு நல்ல யோசனை சொன்னதில்லை.

"சார்... மஞ்சள் சீட்டுன்னா ஸ்டாஃபுக்கு... நான் எழுதிக் குடுத்திருந்தேனே..."

"பாத்தேன் சுருதி. கீறல் விழுந்த சாமானை உங்க தலையில கட்டுவனா நான்? உங்க சர்வீஸ் என்ன!" என்று தோளில் தட்டினார். "யாரும் தூக்கிட்டுப் போகாம இருக்கச் சங்கிலி போடணும். உடம்புல ஓட்டை போட்டு போல்ட் முடுக்கணும். எங்க போடறதுன்னு உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

டிரம் பகுதிக்காரர் துளைபோடும் மெஷினோடு வந்து நின்றார்.

சுருதி சாருக்குத் தெரியும். மெல்லிய முகத்தில் போட்டால் உள்ளே அதைத் தாங்கும் பட்டைகள் முறிந்து, இரண்டே வாரத்தில் முகம் அமுங்கி, அது வெறும் மரப்பெட்டி ஆகிவிடும். பிறகு யார் எவ்வளவு அடித்தாலும் வலிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. அடிப்பக்க விளிம்பின் நடுவில் கெட்டியான கட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. அங்கே போட்டால் குரலுக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் பத்து வருடம், தினமும் பத்து மணி நேரம், எவன் கைக்கும் தாங்கும்.

சுருதி சாரின் பென்சில் ஒரு முறை கிட்டாரின் முகத்தின் பக்கம் போனது.

"சீக்கிரம் சுருதி, கடை திறக்கணும்" என்றார் சதவீதம்.

சுருதி சார் கட்டை இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தார். பத்தொன்பது வருட அனுபவம். கை தானாகவே சரியான இடத்துக்குப் போய்விட்டது. மெஷின் சத்தத்தில் ரோஸ்வுட் தூள் கொட்டியது. இனிப்பான வாசனை.

கடை திறந்த ஐந்தாவது நிமிடம் ஒருவர் ஐஸ்கிரீம் சப்பிக்கொண்டே வந்தார். 'வாங்க, அடிங்க!' என்ற பலகையைப் படித்தார், படித்தபடி செய்தார். குச்சியால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. பிறகு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, சுருதியே சேரல?"

"சுருதி!" என்று உள்ளேயிருந்து சதவீதம் கூப்பிட்டார்.

சுருதி சார் வந்தார். சங்கிலி குட்டை, மடிவரை எட்டாது. தரையில் மண்டியிட்டு, காதைச் சாய்த்து, ஒவ்வொரு கம்பியாக முறுக்கிச் சேர்த்தார். ஐஸ்கிரீம்காரர் அவர் தலைக்கு மேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம்யா. பஸ் வந்துடும்."