சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

கடைக்காரர் ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“தங்கச்சி, இந்தக் கடைக்கு எத்தனையோ டிஸ்க் வந்து ஈக்குது. பொட்டு வெச்சிட்டு வந்தது இதுதான் முதல்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் போய் முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஹட்டன் பஜாரில் நின்றுகொண்டு பல்லைக் காட்டினால், தோட்டத்து ஆள் யாராவது பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வார்களே என்று பயம். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

டிஸ்குக்குப் பொட்டு வைத்தது நான்தான். எங்கள் அம்மா கேட்டதால் வைத்தேன்.

அண்ணன் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிற வேலை செய்தான். லீவில் பொகவந்தலாவைக்கு, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு, வந்தாலும் சும்மா இருக்க மாட்டான். லயத்து வரிசை வீடுகளில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவான். நான் பின்னால் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எடுத்ததையெல்லாம் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த சின்னக் கம்ப்யூட்டரில் போட்டுவைப்பான். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சதுரப் பெட்டி, அவ்வளவுதான். டீவியில் மாட்டித்தான் பார்க்க வேண்டும். திடீரென்று காய்ச்சல் வந்து நாலே நாளில் செத்துப்போனான். கேமரா ஸ்டூடியோவுக்குச் சொந்தம் என்பதால் திரும்பிப் போய்விட்டது. பெட்டி மட்டும் எங்களிடம் இருந்தது.

முப்பத்தோராம் நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். கோழிக்கறி, ரொட்டி, கட்டைச் சம்பல், அவன் குடிக்கிற சோடா எல்லாம் வைத்தோம். அம்மாவுக்கு அது போதவில்லை. அவன் உயிராய் வைத்திருந்தது படந்தானே, அதையும் வைக்க வேண்டும் என்றார். நான் பெட்டியைத் தூக்கினேன்.

“பெட்டி எதுக்குடி? அது வெறும் கூடு. படம் எதுக்குள்ள இருக்கோ அத எடுத்து வை.”

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்தப் பெட்டியை அண்ணன் திறந்து மூடுவதைப் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். போனில் ஒரு வீடியோவையும் ஓடவிட்டு, ஆணியெல்லாம் ஒவ்வொன்றாய்க் கழற்றி, பெரிய டிஸ்கை வெளியே எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது. வாழையிலையில் கறிக்குப் பக்கத்தில் வைத்து, சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். அம்மா பால் தெளித்தார். வந்தவர்கள் எல்லாரும் அதையும் சேர்த்துத்தான் கும்பிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து டிஸ்கைத் திரும்பவும் உள்ளே வைத்து, பட்டனை அழுத்தினேன். படம் ஒன்றுமே வரவில்லை. டிஸ்க் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெயர், சிவப்பு எழுத்தில். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி, அதற்கும் கீழே ஒரு பட்டன். அதில் ‘ஃபிக்ஸ்’ என்று இருந்தது. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். சரி பண்ணுவது. அதை அழுத்தினால் சரியாகிவிடும் என்று மவுஸைக் கொண்டுபோய்விட்டேன்.

அண்ணன் இருந்திருந்தால் வாசிக்காமல் அழுத்தாதே என்று மண்டையில் தட்டியிருப்பான். அதனால் அந்த நாலு வரியையும் ஒவ்வொரு எழுத்தாய்ப் போனில் அடித்துத் தமிழில் மாற்றினேன். ‘இரண்டு வட்டுகளிலும் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்’ என்று வந்தது. மவுஸை விட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணன் எந்த வீடியோவிலும் முகம் காட்டியதில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு முகம் ஏது? அவன் குரல் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். திரும்பு, நில்லு, சிரி என்று ஓயாமல் கத்திக்கொண்டே இருப்பான். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அது போனால் என் கையால்தான் போகும். மறுநாள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், பெட்டியைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நோர்வூட் வரைக்கும் அழுதேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒரு டொஃபி தந்தார். அதையும் தின்றுகொண்டே அழுதேன்.

இப்படித்தான் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். நான் சொல்லி முடித்ததும் கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தப் பட்டனை அழுத்தினேனா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றதும் நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார்.

பெட்டிக்குள் பெரிய டிஸ்க் ஒன்றுதான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். சுண்டுவிரல் நீளத்தில் வேகமான சின்ன டிஸ்க் ஒன்றும் இருந்திருக்கிறது. அண்ணன் அதைத் தனியாக வாங்கிப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க் மாதிரி ஆக்கி வைத்திருந்தானாம். கடைக்காரர் அதை எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார்.

“ஒரு படத்துட தலை இதுல, வால் அதுல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் படம். நீங்க ஒண்ண மட்டும் பூசைக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க.”

நல்லவேளை, பிரித்ததால் மட்டும் ஒன்றும் அழியாதாம். திரும்பச் சேர்த்தால் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஏன் கண்டுகொள்ளவில்லை என்று டிஸ்கில் வயர் மாட்டுகிற வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தார். தங்க நிறப் பல் வரிசையில் அம்மா தெளித்த பால் காய்ந்து, அதோடு சந்தனமும் ஒட்டியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு பல்லாய்த் துடைத்தார். குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாய்த் துடைத்தார். குங்குமம் இருந்த இடத்தை மட்டும் தொடவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், அதால் கெடுதல் இல்லை என்றார்.

முதல் தடவை போட்டபோது அதே சிவப்பு எழுத்துதான் வந்தது. அவர் வயரை மாற்றி மறுபடியும் போட்டார். சிவப்பு போய்விட்டது. இரண்டு பெயர் இருந்த இடத்தில் ஒரே பெயர் வந்தது. ‘தொடாதே’ என்று ஆங்கில எழுத்தில். அண்ணன் வைத்த பெயர். எனக்காகத்தான் வைத்திருக்கிறான், வேறு யாருக்கு?

சரியாகிவிட்டது என்று நான் எழுந்தேன். அவர் விடவில்லை. ஒருதடவை பிரிந்ததை அப்படியே நம்பக்கூடாது, முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்குக்கு மாற்றிவிட்டு, இரண்டையும் புதிதாகச் சேர்த்துவிட்டு, அப்புறம் திரும்ப ஏற்ற வேண்டும் என்றார். பின்னேரம் வரைக்கும் ஏறியது. நான் அவருடைய வீட்டம்மா அனுப்பிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு ஏறியது என்று திரையில் நீளுகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏறி முடிந்ததும், இரண்டையும் அழித்துப் புதிதாகச் சேர்க்கிற பட்டனைக் காட்டி மவுஸை என் பக்கம் தள்ளினார்.

“இப்ப அழுத்துங்க, தங்கச்சி. இப்பப் பயமில்ல.”

அழுத்தினேன். புதிதாகச் சேர்த்த டிஸ்குக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டார். அதே பெயரைப் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பராவில் கால் வைக்க இடமில்லை. என் பெரியம்மா மகளுக்கு அண்ணன் எடுத்த கல்யாண வீடியோதான் கடைசி வீடியோ. அதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதற்குள் போய்விட்டான். சாவு வீட்டில் கேட்கக்கூடாது என்று அக்கா இத்தனை நாளும் வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்.

டீவியில் மணவறை வந்தது. கூடவே அவன் குரலும்.

“மாப்பிள்ள, கொஞ்சம் சிரிங்க. தேயிலைக்கு மருந்தடிக்கப் போறவரு மாதிரி நிக்காதீங்க.”

மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டார். லயமே கூரை அதிரச் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது பஸ்ஸில் வந்த தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா ஆடுகிற இடம் வந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினால் ஆள் யாரென்று எப்படித் தெரியும் என்று அவன் கேட்கிறான். டீவிக்குள் இருந்த அம்மா திரும்பாமலே, “நீ வாய மூடிக்கிட்டு எடுடா” என்றார். காம்பராவில் இருந்த அம்மாவும் அதையே, அதே நேரத்தில், அதே சத்தத்தில் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு துண்டு. நிறுத்த மறந்து கேமராவைத் தொங்கவிட்டிருக்கிறான். நிலமும், அவன் செருப்பும், என் காலும்தான் தெரிகிறது. குரல் மட்டும் கேட்கிறது. கறி முடிவதற்குள் போய் எனக்கும் எடுத்து வை என்கிறான். நீயே போய் எடுத்துக்கொள் என்று நான் சொல்கிறேன். இதையெல்லாம் வெட்டிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார், வெட்டக்கூடாது என்று. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு அவனுக்குக் கறி எடுத்து வெச்சியா இல்லியா?”

“வெச்சேம்மா.”

“எத்தனத் துண்டு?”

“நாலு. கொண்டு போறதுக்குள்ள ஒண்ண நானே தின்னுட்டேன்.”

அம்மா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல வலி. பிறகு முதலிலிருந்து போடச் சொன்னார்.