குளிர்பெட்டியில் இருந்த விதைப்பை

அன்றைக்கு உம்மா இருந்தார், நான் இருந்தேன், அதே ஃபிளாட்டின் அடுத்த அறையில் குடியிருந்த மாமி இருந்தார். வாப்பா மட்டும் இல்லை. நாங்கள் குடியிருந்த முவைலாவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த செடி நர்சரிக்கு டூட்டிக்குக் கிளம்பும்போது, ஒரு பையைக் குளிர்பெட்டியில் வைத்து, கம்பெனிச் சாமான், தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பால் எடுக்க வந்த மாமி அதைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக விதைகள்.

“என்ன புள்ள, கசகசா மாதிரில்ல இருக்கு?”

இந்த அரபு நாட்டில் கசகசா போதைப்பொருள் கணக்கில் சேரும். குருமாவுக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்து ஏர்போர்ட்டிலேயே உள்ளே போனவர்களின் கதைகளை மாமி வரிசையாகச் சொன்னார். உம்மா வாப்பாவுக்கு ஐந்து முறை போன் போட்டார். எடுக்கவில்லை. பிடித்திருப்பார்கள் என்றார் மாமி.

பையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள், மூன்றாம் வகுப்பில் இருந்த நான்.

“படிச்சுச் சொல்லு தம்பி, பூ விதைதானா?” என்றார் உம்மா.

நீளமாக இரண்டு சொற்கள். என் பாடப்புத்தகம் எதிலும் இல்லாதவை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பூன்னு எங்கயும் போடல உம்மா. மருந்து பேரு மாதிரி இருக்கு.”

அவ்வளவுதான். உம்மா பையைக் கிழித்துச் சமையலறைத் தொட்டியில் கொட்டி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். லிஃப்ட் கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். என் விரலில் ஒட்டியிருந்த ஒரு விதையை அவசரத்தில் விழுங்கிவிட்டேன். போலீஸ் வயிற்றைக் கிழித்துப் பார்க்குமோ என்று சட்டையை இறுக்கிப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வாப்பா வந்தார். போனில் சார்ஜ் இல்லையாம். குளிர்பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். உம்மா அழுதுகொண்டே சொல்லி முடிக்கும்வரை நின்றே கேட்டார்.

“பாலைவனத்துப் பூ விதை அது. மழைக்கு முன்ன தூவணும்னு மூணு மாசமா மணல்ல குனிஞ்சு பொறுக்குனது,” என்றார். நர்சரியின் குளிர் அறை பழுதாகிவிட்டதால், ஒரு நாளைக்கு வீட்டில் வைக்கிறேன் என்று அவராகவே கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

“நீதான் படிச்சியா?” என்று என்னைப் பார்த்தார். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

பயத்தில் செய்துவிட்டோம் என்று நடந்ததைச் சொல்லுங்கள், அவர்களும் மனுஷர்கள்தானே என்று உம்மா கெஞ்சினார். வாப்பா கேட்கவில்லை. தன் கையிலிருந்து பை நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டது என்று மறுநாள் மேனேஜரிடம் சொன்னார். என்னை அடிக்காதவர் எதற்கு இப்படிப் பொய் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. போலீஸுக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன். நான் கல்லூரி முடித்த பிறகு, அவரோடு வேலை பார்த்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: எந்த இங்கிலீஷ் சீட்டைக் கொடுத்தாலும் என் மவன் கடகடன்னு படிப்பான் என்று வாப்பா நர்சரி முழுக்கச் சொல்லிவைத்திருந்தாராம்.

அந்தப் பைக்காக வாப்பாவின் சம்பளத்தில் மாதம் இருநூறாக ஆறு மாதம் பிடித்தார்கள். ஆயிரத்து இருநூறு திர்ஹம்.